ஆங்கிலச் சொற்களின் பொருளும் உச்சரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் வழியில் படித்துவிட்டு வேலைக்காக ஆங்கிலம் கற்பவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஓரமாக நின்று தயங்கித் தயங்கிக் கேட்பார்களே, அந்தக் கேள்விகள்தான் பெரும்பாலும் நல்ல கேள்விகள். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. ஒலிகளைத் தமிழ் எழுத்தில்தான் காட்டியிருக்கிறேன். ‘படம்’ என்பதில் வரும் ப வேறு, ‘பஸ்’ என்பதில் வரும் ப வேறு. எழுத்து மட்டும் ஒன்றுதான். ஆங்கில எழுத்தின் பெயராக வரும்போது மட்டும் பி என்றால் b, பீ என்றால் p, டி என்றால் d, டீ என்றால் t. அதனால் இங்கே படிப்பதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு, சொல்லை ஒரு முறையாவது காதால் கேட்டுவிடுங்கள்.

எழுத்துக் கூட்டிப் படித்தால் ஆங்கிலம் ஏன் தப்பாகவே வருகிறது?

தமிழில் எழுத்தைத் தெரிந்துகொண்டால் எந்தச் சொல்லையும் படித்துவிடலாம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். அங்கே அது கைகொடுப்பதில்லை. காரணம் உங்களிடம் இல்லை, அந்த மொழியின் வரலாற்றில் இருக்கிறது.

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். இங்கிலாந்தின் முதல் அச்சகம் அது. அச்சு வந்ததும் சொற்களின் எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்து நின்றுவிட்டன. ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில், 1400-க்கும் 1700-க்கும் இடையில், ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாமே இடம் மாறிக்கொண்டிருந்தன. ‘நேம்’ என்ற சொல்லை அதற்கு முன் ‘நாமெ’ என்றுதான் சொன்னார்கள். ‘டைம்’ அப்போது ‘டீமெ’. ‘ஹவுஸ்’ அப்போது ‘ஹூஸ்’. வாய் மாறிவிட்டது, தாள் மாறவில்லை.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ‘நேம்’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டி ‘நாமே’ என்று படித்தால் நாம் திருத்துகிறோம். அந்த எழுத்துகளை முதலில் எழுதி வைத்தவர்கள் கேட்டிருந்தால் சரியென்று தலையாட்டியிருப்பார்கள். இதைச் சொன்ன பிறகுதான் என் வகுப்பில் பலருக்கும் முகம் தெளிகிறது.

‘டெட்’, ‘டவுட்’ சொற்களில் சத்தமே போடாத எழுத்து எதற்கு?

கடன் என்று பொருள் தரும் ‘டெட்’, சந்தேகம் என்று பொருள் தரும் ‘டவுட்’ இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. வந்தபோது அவற்றில் பி எழுத்து கிடையாது. பின்னால் வந்த படிப்பாளிகள், “இதன் மூலம் லத்தீன், அங்கே பி இருக்கிறது” என்று அந்த எழுத்தைக் கொண்டுவந்து செருகினார்கள். ஜனங்கள் சொல்வதை மாற்றிக்கொள்ளவில்லை. ‘ரிசீட்’ சொல்லில் இருக்கும் பீ எழுத்தும் அப்படி வந்ததுதான்.

‘ஐலண்ட்’ கதை இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலச் சொல். லத்தீனோடு அதற்கு உறவே இல்லை. உறவு இருப்பதாகத் தவறாக நினைத்து எஸ் எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். ‘இஸ்லாண்ட்’ என்று படித்துவிட்டு வெட்கப்பட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தவறு செய்தவர்கள் அவர்கள் அல்ல.

‘நைட்’ (போர்வீரன்), ‘நீ’ (முழங்கால்), ‘நோ’ (தெரிந்திருப்பது) இவற்றின் தொடக்கத்தில் வரும் கே எழுத்து வேறு வகை. அது ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. ‘நைட்’ ஏறத்தாழ ‘க்னிஹ்ட்’ என்று இருந்தது.

ஊமை எழுத்துகளுக்கு ஏதாவது விதி உண்டா?

கொஞ்சம் உண்டு. சொல்லின் முடிவில் எம்-முக்குப் பின் வரும் பி ஒலிக்காது: ‘கோம்’ (சீப்பு), ‘டூம்’ (கல்லறை), ‘தம்’ (கட்டைவிரல்), ‘கிளைம்’. குழாய் வேலை செய்பவர் ‘ப்ளமர்’, ‘ப்ளம்பர்’ இல்லை. ஈயத்துக்கு லத்தீனில் ‘ப்ளம்பும்’ என்று பெயர், அந்தக் காலக் குழாய்கள் ஈயத்தில் செய்தவை, அதனால் அந்தப் பெயர். ‘சால்மன்’ மீனில் எல் ஒலிக்காது, ‘சாமன்’. இவற்றைத் தவிர மற்றதெல்லாம் சொல் சொல்லாகப் பழக வேண்டியதுதான்.

‘கர்னல்’ என்ற சொல்லில் ஆர் எழுத்தே இல்லையே?

இல்லைதான். இத்தாலிய மொழியில் அது எல் ஒலியோடு இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் முதல் எல் ஒலியை ஆர் ஆக்கிச் சொன்னார்கள். ஆங்கிலத்துக்கு அந்த ஆர் வடிவம்தான் முதலில் வந்தது. பிறகு எழுத்தை மட்டும் இத்தாலிய வடிவத்துக்குத் திருப்பினார்கள், சொல்வதை அப்படியே விட்டார்கள். நம் நாளிதழ்கள் ‘கர்னல்’ என்று ஒலிப்படியே எழுதுவதால், இந்த ஒரு சொல்லில் தமிழ் நாளிதழ் படிப்பவருக்குத்தான் வசதி.

சொல்லைச் சரியாகத்தான் சொல்கிறேன். ஆனாலும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை. ஏன்?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. பதில்: அழுத்தம்.

ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை மட்டும் உயர்ந்து, நீண்டு, தெளிவாகக் கேட்கும். மற்றவை அதன் நிழலில் ஒடுங்கிவிடும். தமிழில் அப்படி இல்லை. எந்த அசையைக் கொஞ்சம் உரக்கச் சொன்னாலும் ‘மரம்’ மரம்தான். அதனால் நாம் எல்லா அசைகளையும் ஒரே அளவில் வைத்துச் சொல்கிறோம், அல்லது எல்லாச் சொல்லுக்கும் முதல் அசையை அழுத்துகிறோம். ‘டெவலப்’ என்று டெ-யை அழுத்திச் சொன்னால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். ‘டி-வெ-லப்’ என்று நடு அசை எழும்ப வேண்டும். ‘ஹோட்டல்’ அல்ல, ‘ஹோ-டெல்’. இரண்டாவது அசைதான் மேலே போகும். ‘இவென்ட்’டும் அப்படியே.

ஒரே குடும்பத்துச் சொற்களில்கூட அழுத்தம் நகரும். ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசை. ‘ஃபடாக்ரஃபர்’ இரண்டாவது. ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாவது. இந்த மூன்றையும் நான்கைந்து முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அழுத்தம் என்றால் என்னவென்று நான் பத்து பக்கம் எழுதுவதைவிட நன்றாகப் புரியும்.

பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் அழுத்தம் மட்டுமே பிரித்துக் காட்டும் இடங்களும் உண்டு. ‘ரெக்கார்ட்’ முதல் அசை அழுந்தினால் பதிவேடு. ‘ரிக்கார்ட்’ என்று இரண்டாவது அழுந்தினால் பதிவு செய்வது. ‘பெர்மிட்’, ‘ப்ராடியூஸ்’, ‘அப்ஜெக்ட்’ எல்லாம் இப்படித்தான். ‘டெஸர்ட்’ முதல் அசை அழுந்தினால் பாலைவனம். இரண்டாவது அழுந்தினால் கைவிட்டுப் போவது, அல்லது சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு.

மனப்பாடம் செய்யத் தகுந்த விதி ஒன்று இருக்கிறது. ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடியும் சொற்களில் அந்த முடிவுக்குச் சற்று முன்னால் இருக்கும் அசையில் அழுத்தம் விழும். ‘எஜுகேஷன்’ சொல்லில் கே. ‘எகனாமிக்’ சொல்லில் னா. ‘எலெக்ட்ரிசிட்டி’ சொல்லில் ட்ரி. விலகுபவை சில: ‘பாலிடிக்ஸ்’ முதல் அசை, கணக்கைக் குறிக்கும் ‘அரித்மெடிக்’ இரண்டாவது அசை. மற்றபடி ஆயிரக்கணக்கான சொற்களுக்கு இந்த ஒரு விதி போதும்.

அழுத்தம் இல்லாத அசையை எப்படிச் சொல்வது?

அடக்கி. ‘அபவுட்’டின் முதல் ஒலி, ‘டீச்சர்’ முடியும்போது வரும் ஒலி: வாய் பாதி திறந்து, நாக்கு சும்மா கிடக்க, அ-வுக்கும் எ-வுக்கும் இடையில் ஒரு சோம்பல் ஒலி. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். ஆனால் இதற்கென்று ஓர் எழுத்து கிடையாது. ஐந்து உயிரெழுத்துகளில் எதன் வேஷத்திலும் வரும். அகராதியில் தலைகீழாகத் திருப்பிய சின்ன ஈ எழுத்தால் காட்டுவார்கள்.

உயிரொலி குறுகுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ‘நாடு’, ‘பாட்டு’ என்று சொல்லும்போது கடைசி உகரம் முழுதாகவா ஒலிக்கிறது? குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தோமே, அதே குறுக்கம்தான். வாய்க்குப் பழக்கம் இருக்கிறது, இடம்தான் புதிது.

இதைச் செய்யாமல் விட்டால் ‘வெஜிடேபிள்’ என்று நான்கு அசையாக நீளும். ஆங்கிலேயர் சொல்வது ‘வெஜ்டபிள்’. ‘கம்ஃபர்டேபிள்’ அல்ல, ‘கம்ஃப்டபிள்’. ‘வென்ஸ்டே’ சொல்லில் நடுவே இருக்கும் டி எங்கேயும் கேட்காது.

தமிழ் பேசுபவர்களுக்கு எந்த ஒலிகள் கைக்கு வருவதில்லை?

முதலில் சொல்லின் தொடக்கத்தில் வரும் பீ, டீ, கே. ஆங்கிலத்தில் இவை ஒரு காற்று வீச்சோடு வரும். ‘பென்’ (பேனா) என்று காற்றில்லாமல் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு ‘பென்’ என்ற ஆள் பெயர் போலக் கேட்கும். ஒரு மெல்லிய தாளை வாய்க்கு முன் பிடித்துச் சொல்லுங்கள். தாள் அசைந்தால் சரி. ‘ஸ்பின்’ போல எஸ்-சுக்குப் பின் வந்தால் இந்தக் காற்று தேவையில்லை.

அடுத்து வி, டபிள்யூ. நம் ‘வ’ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ‘வெஸ்ட்’ மேற்கு என்றால் உதட்டைக் குவித்துத் தொடங்குங்கள், பல் உதட்டில் படக்கூடாது. உள்சட்டை என்றால் மேல்பல்லைக் கீழுதட்டில் வையுங்கள். எஃப் ஒலிக்கும் அதே பல், அதே உதடுதான், குரலை மட்டும் எடுத்துவிட வேண்டும். இசட் ஒலிக்கு ‘ஸ’ சொல்லிக்கொண்டே தேனீ போல ரீங்காரம் சேருங்கள். ‘ஜ’ ஆகிவிட வேண்டாம். ‘எம்’ என்பதை ‘யெம்’ என்று தொடங்குவதும் நம் பழக்கம். ‘எக்’ (முட்டை) ‘யெக்’ ஆவதைக் கவனித்து நிறுத்திவிடலாம்.

டீ எழுத்தைப் பற்றி ஒரு செய்தி. நம் ‘ட’ சொல்லும்போது நாக்கு மடங்கி மேலண்ணத்தைத் தொடும். ‘த’ சொல்லும்போது பல்லைத் தொடும். ஆங்கில டீ இரண்டுக்கும் நடுவே, மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் பிறக்கிறது. தமிழில் அந்த இடத்தில் பிறந்த வல்லினம் ஒன்று இருக்கிறது: ற். ஈழத்தமிழர்கள் இன்னும் அந்தக் காதோடு எழுதுகிறார்கள். நாம் ‘டி.வி.’ என்பதை அவர்கள் ‘ரி.வி.’ என்றும், ‘டொராண்டோ’ என்பதை ‘ரொறன்ரோ’ என்றும் எழுதுவது அதனால்தான். தமிழ்நாட்டில் பலர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒலிக்கு மிக அருகில் இருப்பது அந்த எழுத்துமுறை.

இறந்தகால ஈ-டி முடிவை ‘எட்’ என்றுதானே சொல்ல வேண்டும்?

டீ அல்லது டி ஒலிக்குப் பின்னால் மட்டும்: ‘வான்டிட்’, ‘நீடிட்’. மற்ற இடங்களில் தனி அசை வராது. ‘வாக்ட்’, ‘ஹெல்ப்ட்’, ‘ப்ளேய்ட்’. ‘வாக்கெட்’ என்று சொன்னால் கேட்பவருக்கு வேறு ஏதோ சொல்லாகத் தெரியும்.

பிரிட்டிஷ் உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா?

எது உங்களுக்கு அதிகம் காதில் விழுகிறதோ அது. பிரிட்டிஷார் ‘ஷெட்யூல்’, அமெரிக்கர் ‘ஸ்கெஜூல்’. ராணுவப் பதவி ஒன்று பிரிட்டனில் ‘லெஃப்டெனன்ட்’, அமெரிக்காவில் ‘லூடெனன்ட்’. ‘கலர்’, ‘சென்டர்’ போன்ற சொற்களின் அமெரிக்க எழுத்துமுறை நிலைபெற்றதில் 1828-இல் பெரிய அகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டருக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டும் சரியே. கலந்து பேசினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நாம் அன்றாடம் சொல்லும் ஆங்கிலச் சொற்களுக்கு வெளியே வேறு பொருளா?

பலவற்றுக்கு ஆம். வகுப்பில் “சார், ஒரு டவுட்” என்கிறோம். வெளிநாட்டவர் காதில் ‘டவுட்’ என்றால் “நீங்கள் சொல்வதை நம்பவில்லை” என்ற தொனி. கேட்க வேண்டியது கேள்வி என்றால் ‘க்வெஸ்சன்’ போதும். “2019-இல் பாஸ் அவுட் ஆனேன்” என்றால் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். ‘கிராஜுவேட்’ ஆனேன் என்று சொல்லுங்கள். நமக்கு ‘ஹோட்டல்’ சாப்பிடும் இடம். அவர்களுக்குத் தங்கும் இடம்.

‘ஸ்டெப்னி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். மாற்றுச் சக்கரத்துக்கு உலகத்தில் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். அது வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1900-களின் தொடக்கத்தில் அங்கே இருந்த ஒரு நிறுவனம் தயாரித்த மாற்றுச் சக்கரம் அந்தப் பெயரில் விற்றது. பிறந்த நாட்டில் அந்தச் சொல் மறந்துபோய், நம் ஊர் மெக்கானிக் கடைகளில் உயிரோடு இருக்கிறது. வெளியே போனால் ‘ஸ்பேர் வீல்’ என்று சொல்ல வேண்டும்.

குறித்த தேதியை முன்னதாக மாற்றி வைப்பதற்கு நாம் சொல்லும் ‘ப்ரீபோன்’ தப்பு என்று சிலர் திருத்துவார்கள். அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. இந்தியாவுக்குள் தாராளமாகச் சொல்லலாம்.

ஒரே சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு பொருள் இருக்க முடியுமா?

‘சாங்ஷன்’ பாருங்கள். வங்கியில் “லோன் சாங்ஷன் ஆயிடுச்சு” என்றால் அனுமதி. செய்தியில் ஒரு நாட்டின் மீது ‘சாங்ஷன்’ என்றால் தடை. ‘ஓவர்சைட்’டும் அப்படி: மேற்பார்வை என்றும் பொருள், பார்க்காமல் விட்ட பிழை என்றும் பொருள். கூட நிற்கும் சொற்கள்தான் முடிவு செய்யும்.

இதில் ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. டேங்கர் லாரிகளின் பின்னால் எழுதியிருக்கும் ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதில் ‘இன்’ இருப்பதால் தீப்பிடிக்காதது என்று நினைத்துவிடாதீர்கள். எளிதில் தீப்பற்றும் என்பதுதான் பொருள். இங்கே ‘இன்’ எதிர்மறை இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் இப்போது ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றே.

அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எழுதிக்கொண்டால் போதாதா?

போதாது. ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பு சுமார் 430 பொருள்களைப் பிரித்துக் காட்டியது. பொருள் காலத்தோடு மாறவும் செய்யும். ‘நைஸ்’ ஒரு காலத்தில் மடத்தனம். அறியாதவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘சில்லி’ முன்பு பாக்கியம் பெற்றவரைக் குறித்தது. ‘மீட்’ எந்த உணவையும் குறித்தது. தமிழில் ‘நாற்றம்’ பழைய பாடல்களில் நறுமணமாக இருந்து இன்று என்ன ஆகிவிட்டது என்று நமக்குத் தெரியும். இழிபொருட்பேறு என்பார்கள்.

அரிய சொற்களைப் படிப்பதால் பயன் உண்டா?

பேச்சில் காட்டிக்கொள்ள என்றால் வேண்டாம். 2017-இல் சசி தரூர் ‘ஃபராகோ’ என்று ஒரு பதிவில் எழுதியதும் நாடே அகராதி தேடியது. குழப்பக் கலவை என்று பொருள்; லத்தீனில் கால்நடைகளுக்குப் போடும் கலப்புத் தீவனம். நடு அசை ‘ரா’வில் அழுத்தம். தெரிந்துகொள்ள நன்றாக இருக்கிறது, ஆனால் நேர்காணலில் உதவாது.

சில அரிய சொற்கள் மனசுக்கு நெருக்கமானவை. காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது வருமே ஒரு வாசனை, அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வேண்டும் என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-இல் ‘பெட்ரிகோர்’ என்ற சொல்லை உருவாக்கினார்கள். கிரேக்கத்தில் கல்லுக்கு ஒரு சொல், தெய்வங்களின் உடம்பில் ஓடும் திரவத்துக்கு ஒரு சொல், இரண்டையும் சேர்த்தது. முதல் அசையில் அழுத்தம். நாம் மண்வாசனை என்கிறோம்.

‘செரன்டிபிட்டி’ என்றால் தேடாமலே நல்லது கிடைப்பது. 1754-இல் ஹோரஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல். இலங்கையின் பழைய பெயர்களில் ஒன்றான ‘செரன்டிப்’ தான் அடிப்படை. ‘இட்டி’ விதிப்படி அழுத்தம் ‘டி’யில்.

கண்ணால் மட்டுமே படித்துப் பழகிய சொற்களில் கவனம் வேண்டும். மிகையாகச் சொல்லும் அணிக்கு, நம் உயர்வு நவிற்சிக்கு, ஆங்கிலத்தில் ‘ஹைபர்பலி’, ‘ஹைபர்போல்’ அல்ல. ‘எபிடோம்’ அல்ல, ‘இபிடமி’. ‘ரெசிபி’யைச் சரியாகச் சொல்கிறோமே, அதே போலக் கடைசி ஈ எழுத்து ஒலிக்கும். ‘ப்ரொனவுன்சியேஷன்’ என்பதும் ‘ப்ரனன்சியேஷன்’ தான்.

தமிழிலிருந்து போன சொற்களை அவர்கள் சொல்வது போலச் சொல்ல வேண்டுமா?

ஆங்கில வாக்கியத்தில் வரும்போது ஆம். கட்டுமரம் அங்கே ‘கேட்டமரான்’, கடைசி அசையில் அழுத்தம். பொருளும் மாறி, இரட்டை உடல் கொண்ட படகாகிவிட்டது. சுருட்டு ‘ஷெரூட்’. குருந்தம் என்ற கனிமக் கல் ‘கொரண்டம்’. மிளகுத் தண்ணீர் ‘மலிகடானி’ ஆகி, இறைச்சியெல்லாம் சேர்த்த சூப்பாக இருக்கிறது. ‘கேஷ்’ நம் காசிலிருந்து வந்ததா என்று எல்லா வகுப்பிலும் ஒருவர் கேட்பார். கிழக்கு நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’ காசிலிருந்து போனது. ரொக்கம் என்று பொருள்தரும் ‘கேஷ்’ வேறு. பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது.

ஒதுக்கப்பட்டவர் என்று பொருளில் வரும் ‘பரையா’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். பறை என்ற சொல்லோடு சேர்ந்த ஒரு மக்களின் பெயரை எடுத்து இழிவாக்கிய சொல் அது. ஆங்கிலப் பத்திரிகைகள் இன்னும் எழுதுகின்றன. படித்தால் புரிந்துகொள்ளுங்கள். நான் அதை எழுதுவதில்லை, பேசுவதுமில்லை. ‘அவுட்காஸ்ட்’ கூட அவ்வளவாக வேண்டாம். ‘ஐசலேட்டட்’ என்றாலே பொருள் வந்துவிடும்.

புதுச் சொல்லை எப்படிக் குறித்து வைப்பது?

கற்பவர்களுக்கென்று உள்ள அகராதியை எடுங்கள். 1978-இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதியது. பொருள் பார்க்கப் போய் இன்னொரு அகராதி தேட வேண்டியதில்லை. இன்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஒலிப்பெருக்கிக் குறியைத் தொட்டால் உச்சரிப்பும் கேட்கலாம். ஒலிக்குறிப்பில் மேலே ஒரு சின்ன நிமிர்ந்த கோடு இருக்கும். அதற்கு அடுத்து வரும் அசையில்தான் அழுத்தம்.

நோட்டில் சொல்லை எழுதி, அழுத்தம் விழும் அசைக்கு அடியில் கோடு போடுங்கள். பக்கத்தில் தமிழ்ப் பொருள் ஒன்று, நீங்களே எழுதிய வாக்கியம் ஒன்று. ‘யூக்ளிஷ்’ என்ற தளத்தில் சொல்லைத் தட்டினால் பலர் பேசும் காணொளிகளில் அந்தச் சொல் வரும் இடத்தை மட்டும் காட்டும். ஐந்து பேர் வாயிலாகக் கேட்டுவிட்டு, பிறகு வாயைத் திறவுங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் உச்சரிப்பு மாறுமா?

முழுதாக மாறாது, மாற வேண்டிய தேவையும் இல்லை. தமிழ் வாடை இருக்கட்டும். கேட்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அழுத்தமும் காற்று வீச்சும் சரியானாலே பெரும்பகுதி முடிந்துவிடும். என் வகுப்பில் 52 வயதில் சேர்ந்த ஓர் அம்மா, மகளைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியிருந்தது. தினமும் பத்து சொல், காலையில் கோலம் போடும்போது ஐந்து, இரவு பாத்திரம் கழுவும்போது ஐந்து என்று சத்தமாகச் சொல்லிப் பழகினார். நான்கு மாதத்தில், விமான நிலையத்தில் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். அவர் முதலில் எழுதி வந்த பத்தில் ‘லக்கேஜ்’, ‘டாட்டர்’, ‘டயபிட்டீஸ்’ இருந்தன. உங்கள் முதல் பத்தும் உங்கள் வீட்டிலிருந்தே வரட்டும்.